அஞ்சு கட்டைன்னா எந்த அஞ்சு?

கர்நாடக சங்கீதக்காரர்கள் பேசுவது புரியவில்லை, கேட்டாலே எரிச்சலாக வருகிறது என்று ரசிகர்கள் சொல்வது பழைய குறை. மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவரும் சபாவில் மைக் வைப்பவரும் அதையேதான் சொல்கிறார்கள். குறை நியாயமானது. ஆனால் ஷட்சுருதி ரிஷபம், கண்ட ஜாதி அட தாளம் என்று பல்லை உடைக்கும் பெயர்களை அதற்குக் காரணம் சொல்வது சரியில்லை. அவற்றுக்கு ஒரே ஒரு பொருள்தான். ஒருமுறை படித்துக்கொண்டால் போதும். தொல்லை கொடுப்பவை சின்னச் சொற்கள்: கட்டை, சுத்தம், அரை இடம், திஸ்ரம், ஃபீட்பேக். இவற்றைப் பாதி சொல்லி, மீதியை எதிரில் இருப்பவரின் ஊகத்துக்கு விட்டுவிடும் பழக்கம் மேடையில் ஊறிப்போயிருக்கிறது. எங்கெங்கே என்ன கெடுகிறது, முழுசாகச் சொல்வதென்றால் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் கட்டை. பாடுபவர் தன் ஆதார சுரமான ஷட்ஜத்தை (ச) எந்த உயரத்தில் வைக்கிறார் என்பதைச் சொல்லும் எண் இது. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை சி-யில் தொடங்கி வரிசையாக எண்ணினால் சி 1, டி 2, இ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் அரைகள்: சி ஷார்ப் 1½, டி ஷார்ப் 2½, எஃப் ஷார்ப் 4½, ஜி ஷார்ப் 5½, ஏ ஷார்ப் 6½. இ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது. ஆகவே 3½ என்று ஒன்று இல்லை. பி முடிந்ததும் மறுபடி சி வந்துவிடுவதால் 7½-ம் இல்லை. ஆண் பாடகர்கள் பெரும்பாலும் 1-க்கும் 2-க்கும் இடையிலும், பெண்கள் 4½-க்கும் 6-க்கும் இடையிலும் பாடுவார்கள்.

இந்த எண்கள் வெறும் பெயர்கள். கூட்டல் கழித்தலுக்கு உதவாது. பாடுபவர் 2½-ல் இருக்கிறார், "ஒரு கட்டை ஏத்துங்க" என்கிறார். கூட்டினால் 3½ வரும். அப்படி ஒரு கட்டையே இல்லை. அவர் நினைப்பது இரண்டு ஸ்தானம் (வெள்ளை, கறுப்பு எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் ஒவ்வொன்றும் ஒரு ஸ்தானம்) மேலே, அதாவது எஃப், 4 கட்டை. அதேபோல 3-ல் இருப்பவர் "அரைக்கட்டை மட்டும்" என்றால் அவர் போய்ச் சேருவதும் 4-தான். ஏற்றுங்கள், இறக்குங்கள் என்று சொல்வதைவிட, போக வேண்டிய கட்டையின் பெயரைச் சொல்லிவிடுவது நல்லது: "நாலு வைங்க, எஃப்." இரண்டு பெயரையும் சேர்த்துச் சொன்னால் ஒருவருக்கு ஒன்று தெரியாவிட்டாலும் மற்றது தெரியும்.

கீபோர்டுக்காரரிடம் இது இன்னும் சிக்கலாகும். அவரிடம் இருப்பது சுருதியை நகர்த்தும் டிரான்ஸ்போஸ் பொத்தான்; அது ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு ஸ்தானம் நகரும். சி-யில் வாசித்துப் பழகியவரிடம் "அஞ்சு" என்று சொன்னால் +5 அழுத்துவார். அது எஃப், 4 கட்டை. உங்களுக்கு வேண்டிய ஜி-க்கு +7 அல்லது −5 அழுத்த வேண்டும். ஒரே எண் மூன்று விதமாக வருகிறது பாருங்கள்: கட்டையில் 5 ஜி, பொத்தானில் +5 எஃப், −5 மறுபடி ஜி. பொத்தானை வைத்து வாசிப்பவர் தன் கருவியில் இந்த வரிசையை ஒட்டி வைத்துக்கொள்ளலாம்: 1½-க்கு +1, 2-க்கு +2, 2½-க்கு +3, 3-க்கு +4, 4-க்கு +5, 4½-க்கு +6, 5-க்கு −5, 5½-க்கு −4, 6-க்கு −3, 6½-க்கு −2, 7-க்கு −1.

கட்டை தவறினால் யாருக்கு எவ்வளவு கஷ்டம் என்பதும் வாத்தியத்தைப் பொறுத்தது. வயலினில் நான்கு தந்தியையும் திருப்பிச் சேர்த்துவிடலாம், நேரம்தான் போகும். மிருதங்கத்தில் தோலின் விளிம்பான மூட்டைச் சுற்றித் தட்டி அரைக்கட்டை அளவு ஏற்றி இறக்கலாம். அதற்கு மேல் இழுத்தால் வலது முகமான வலந்தலையில் நாதம் போய்விடும். அதனால்தான் பெண் குரலுக்கு ஹெச்சு மிருதங்கம், ஆண் குரலுக்கு நீளம் கூடிய தக்கு மிருதங்கம் என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள். கடத்தில் உள்ளே களிமண்ணோ பிளாஸ்டிசினோ ஒட்டிக் கொஞ்சம் இறக்கலாம், ஏற்ற வழியே இல்லை. புல்லாங்குழலுக்கும் முகர்சிங்குக்கும் கட்டைக்கு ஒன்று என்று பையில் எடுத்து வர வேண்டும். பாட்டுக்காரர் முதல் நாள் தொலைபேசியில் "வழக்கமான சுருதிதான்" என்று சொல்லி வைத்துவிட்டால், புதிதாக வாசிக்க வரும் கடக்காரர் எந்தப் பானையைத் தூக்கி வருவார்? கூடவே இன்னொரு குழப்பம்: மிருதங்கக்காரர்கள் "கட்டை நல்ல கட்டை" என்று பேசிக்கொண்டால் அது பலாமரத்தில் கடைந்த உடலைப் பற்றியது. சுருதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கட்டையைச் சரியாகச் சொல்லியும் கெடும் இடம் ஒன்று உண்டு: "மத்தியம சுருதி." சில உருப்படிகளை மேலே அதிகம் போகாத ராகங்களில் பாடும்போது, வழக்கமான மத்தியமத்தையே (ம) ஷட்ஜமாக வைத்துக்கொள்வார்கள். 1 கட்டையில் பாடுபவருக்குப் புது ஷட்ஜம் எஃப். 5½-ல் பாடுபவருக்கு சி ஷார்ப். தம்பூராவில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, பஞ்சமத் (ப) தந்தியை மத்தியமத்துக்கு இறக்குவது. சுருதிப் பெட்டியிலும் அப்படித்தான், ப-வில் இருக்கும் குமிழை ம-வுக்குத் திருப்பினால் தீர்ந்தது. தவறு எப்படி வருகிறது என்றால், பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் மாணவர் "ஷட்ஜம் மாறுகிறது" என்று நினைத்து 1-ஐ 4-க்கு ஏற்றிவிட்டு, "மத்தியம சுருதி" என்று காதில் விழுந்ததால் குமிழையும் ம-வுக்குத் திருப்பிவிடுவார். சி-யும் எஃப்-ம் ஒலிக்க வேண்டிய இடத்தில் எஃப்-ம் பி ஃப்ளாட்டும் ஒலிக்கும். பாடுபவருக்குப் பஞ்சமம் நிற்காது. என்ன தப்பு என்று மேடையில் யாருக்கும் சட்டென்று பிடிபடவும் செய்யாது. பெட்டியின் கட்டையைத் தொடாதே, குமிழை மட்டும் திருப்பு என்று சொன்னால் எந்தக் குழப்பமும் இல்லை.

அடுத்தது "சுத்தம்." இந்துஸ்தானி கற்றவரும் கர்நாடகம் கற்றவரும் ஒன்றாக உட்காரும் ஒத்திகைகளில் இந்தச் சொல் நேரத்தைத் தின்றுவிடும். இந்துஸ்தானியில் சுத்த ரிஷபம் (ரி) என்பது நம் சதுசுருதி ரிஷபம், ஷட்ஜத்திலிருந்து இரண்டாவது ஸ்தானம். நாம் சுத்த ரிஷபம் என்பதை அவர்கள் கோமள ரிஷபம் என்பார்கள். தைவதமும் (த) இதே கதை. எல்லா சுரமும் சுத்தம் என்று ஒருவர் சொன்னால், அவர் இந்துஸ்தானிக்காரராக இருந்தால் பிலாவல் தாட் (அடிப்படை சுர வரிசை), அதாவது நம் சங்கராபரணம். நம்மவர் சொன்னால் முதல் மேளமான (தாய் ராகமான) கனகாங்கி. இவ்வளவு தூரத்தில் இருக்கும் இரண்டு ராகங்களுக்கு ஒரே வர்ணனை. மத்தியமம் ஒன்றில்தான் இரு பக்கமும் சுத்தம் என்றால் ஒரே இடம். சேர்ந்து வாசிக்கும்போது சுரப் பெயரை விட்டுவிட்டு, ஷட்ஜத்திலிருந்து எத்தனையாவது ஸ்தானம் என்று எண்ணிச் சொல்வது எளிது.

16 சுரப் பெயர்கள், 12 ஸ்தானங்கள் என்பதும் பலரைக் கோபப்படுத்தும். சி-யை ஷட்ஜமாக வைத்தால் டி ஷார்ப் கட்டை கரகரப்பிரியா ராகத்தில் சாதாரண காந்தாரம் (க), நாட்டை ராகத்தில் ஷட்சுருதி ரிஷபம். வீண் குழப்பம் என்பார்கள். இதில் நான் சங்கீதக்காரர்கள் பக்கம். கட்டை ஒன்றானாலும் கரகரப்பிரியாவின் காந்தாரம் அசைந்து ஆடும் சுரம்; நாட்டையில் அதே இடத்தில் மேல்காந்தாரத்தை ஒட்டி இடித்துக்கொண்டு நிற்கும் சுரம். பெயர் மாறினால்தான் கையும் குரலும் மாறும். எரிச்சலூட்டும் சொற்களில் எல்லாவற்றையும் தூக்கிப் போட முடியாது என்பதற்கு இது ஒரு உதாரணம்.

தாளத்துக்கு வந்தால் குழப்பச் சரக்கு நிறைய. "திஸ்ரம் பண்ணலாமா?" என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்வதற்கு முன் எந்தத் திஸ்ரம் என்று கேட்க வேண்டும். தாளத்தில் தட்டிவிட்டு விரல் எண்ணும் பகுதியான லகுவுக்கு 3 எண்ணிக்கை வைப்பது திஸ்ர ஜாதி. தாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒவ்வொரு அட்சரத்தையும் (தாளத்தின் ஒரு எண்ணிக்கை) மூன்றாக, அல்லது இரட்டித்து ஆறாகப் பிரிப்பது திஸ்ர நடை. கதி என்றும் சொல்வார்கள். ஆதி தாளம் என்பதே சதுஸ்ர ஜாதி திரிபுடை, 4+2+2. அதில் லகுவைத் திஸ்ர ஜாதியாக்கினால் 3+2+2, 7 எண்ணிக்கை, வேறு தாளமே ஆகிவிடும். நடையை மாற்றினால் 8 எண்ணிக்கை அப்படியே இருக்கும், அட்சரத்தின் உட்பிரிவாக உள்ளே ஓடும் மாத்திரைதான் மாறும். ஜாதி, நடை என்ற பின்சொல்லை விழுங்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். நடன மேடையில் "ஜதி" என்று இன்னொன்று உண்டு. அது நட்டுவனார் சொல்லும் சொற்கட்டுக் கோவை. ஜாதியும் ஜதியும் அவசரத்தில் ஒன்றாகவே காதில் விழும்.

ரூபக தாளத்தைப் புத்தகத்தில் படித்தவர் த்ருதம் (ஒரு தட்டு, ஒரு வீச்சு) 2, லகு 4 என்று 6 எண்ணுவார். கச்சேரியில் போடுவது இரண்டு தட்டு, ஒரு வீச்சு, 3 எண்ணிக்கை. யாரும் தப்புச் செய்யவில்லை, ஆனால் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருவர் வெவ்வேறாகத் தாளம் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் முறைப்பார்கள். "ரெண்டாம் காலம்" என்பதையும் சொல்ல வேண்டும். தாளத்தின் வேகம் மாறாமல் சுரங்கள் இரட்டிப்பதுதான் இரண்டாம் காலம். தாளமே வேகமெடுத்தால் அதற்குப் பெயர் ஓட்டம், காலப்பிரமாணம் (தாளத்தின் சீரான வேகம்) கெட்டுவிட்டது என்று பொருள். மெல்லிசையில் இரண்டையும் "ஸ்பீடு" என்றுவிடுவதால், "ஸ்பீடு பத்தல" என்று கேட்டதும் தாளவாத்தியக்காரர் ஓட ஆரம்பித்துவிடுகிறார்.

எடுப்பு, அதாவது பாட்டு தாளத்தில் எங்கே தொடங்குகிறது என்பது, மிருதங்கக்காரருக்கும் பாட்டுக்காரருக்கும் நடுவில் உள்ள கணக்கு. பாட்டு தாளத்தோடு சேர்ந்து தொடங்கினால் சமம். அரை அட்சரம் தள்ளித் தொடங்கினால் அரை இடம், ஒன்றரை அட்சரம் தள்ளினால் ஒன்றரை இடம். ஒரு களை (எண்ணிக்கை ஒவ்வொன்றும் ஒரே தரம் வரும்) ஆதி தாளத்தில் அட்சரத்துக்கு 4 மாத்திரை, ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு சுற்று) 32. அரை இடம் 2 மாத்திரை, ஒன்றரை இடம் 6 மாத்திரை. இப்போது ஒரு எளிய மோரா (மும்முறை வந்து முடியும் முத்தாய்ப்பு) எடுத்துக்கொள்வோம்: "த தி கி ண தொம்" 5 மாத்திரை, பிறகு 2 மாத்திரை கார்வை, மறுபடி 5, மறுபடி 2, கடைசி 5. மொத்தம் 19. சமத்தில் பாட்டு எடுக்க வேண்டுமானால் 32−19, 13 மாத்திரை கழித்துத் தொடங்க வேண்டும். மூன்று அட்சரம் போய் ஒரு மாத்திரை. அரை இடமானால் 15 கழித்து, ஒன்றரை இடமானால் 19 கழித்து. பாட்டுக்காரர் எடுப்பைச் சொல்லாமல் விட்டு, வாசிப்பவர் சமம் என்று நினைத்துக்கொண்டால், ஒன்றரை இடத்துப் பாட்டில் 6 மாத்திரை முன்னாலேயே மோரா முடிந்து வெற்றிடம் விழும். கேட்பவர்கள் மிருதங்கக்காரர் தவறவிட்டார் என்பார்கள். தெரிந்த பாட்டானால் அவரே சமாளிப்பார். புதுப் பாட்டென்றால் மேடை ஏறும் முன் "ஆதி, ஒரு களை, ஒன்றரை" என்று மூன்றே சொல் சொன்னால் போதும்.

மேலே கார்வை என்றேன். அது கோர்வை இல்லை. கார்வை என்பது தாளத்தில் இடைவெளி. ராகத்தில் நீட்டி நிற்கும் சுரம். கோர்வை என்பது திட்டமிட்டுக் கட்டி, பெரும்பாலும் மும்முறை வந்து முடியும் பகுதி. நடனத்தில் அடவுகளைக் கோத்த வரிசைக்கும் கோர்வை என்றே பெயர். "அந்தக் கோர்வைல கார்வை ரெண்டு" என்று ஒத்திகையில் சொன்னதை யாராவது மாற்றிக் கேட்டு, மேலே சொன்ன மோராவில் அந்த இரண்டு இடைவெளியையும் விட்டுவிட்டால் 19 என்பது 15 ஆகி, சரியாக ஒரு அட்சரம் முன்னால் வந்து விழும். எண்ணைச் சொல்லும்போது மொத்தத்தையும் சேர்த்துச் சொல்லும் மிருதங்க வித்வான்கள் இருக்கிறார்கள்: "அஞ்சு, ரெண்டு விட்டு, மூணு தரம், மொத்தம் பத்தொம்பது." இவர்களோடு ஒத்திகை பார்ப்பது சுகம்.

அதீதம், அனாகதம் என்று சொல்லி யாரையும் பயமுறுத்த வேண்டாம். நம்மிடம் தாளத்துக்கு முன்பே பாட்டு எடுத்தால் அதீதம், பின்னால் எடுத்தால் அனாகதம். இந்துஸ்தானியில் அதீத் என்றால் சம் (தாளத்தின் முதல் தட்டு) கடந்த பிறகு. இரு மரபினரும் சேர்ந்து நடத்தும் ஜுகல்பந்தியில் இந்தச் சொற்களைத் தவிர்த்து "முன்னால்", "பின்னால்" என்றே பேசலாம்.

ஓதுவார்களோடு பேசும்போதும் ஒன்று நினைவில் வைக்க வேண்டும். அவர்கள் "பஞ்சமம்" என்றால் பண், அதாவது பழைய தமிழ் ராகம்; அதை ஆகிரி ராகமாகப் பாடுவார்கள். "காந்தாரம்" என்றாலும் பண்தான், நவரோசு. சுரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் பிறகு முழிப்பவர்கள் அதிகம்.

எனக்கு உண்மையிலேயே ஆகாத சொற்கள் வேறு. விமர்சனங்களில் வரும் "வெயிட்டான தோடி", "சௌக்கியமான கல்யாணி", "பாந்தமான பைரவி." இவற்றில் எதை எடுத்து எதில் மாற்றி வைத்தாலும் வாக்கியம் நிற்கும், அதுதான் குறை. விளம்ப காலத்தில் பாடினாரா? மந்தர ஸ்தாயியில் நின்று பாடினாரா? பிருகாவைக் குறைத்துக் கார்வைகளை நீட்டினாரா? இப்படி ஒன்று சொன்னால் கேட்காதவருக்கும் ஒரு பிடி கிடைக்கும். பிருகா சாரீரம் என்பது நல்ல சொல். வேகமான சுரக்கூட்டங்கள் துல்லியமாக உதிரும் குரல் என்று திட்டமான பொருள் அதற்கு இருக்கிறது. ஜி.என். பாலசுப்பிரமணியம் பாடியதைக் கேட்டவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

"ஃபில்லர்", "துக்கடா" இரண்டும் இன்னும் மோசம். விரிவாகப் பாடும் இரண்டு உருப்படிகளுக்கு நடுவே சுருக்கமாக, கொஞ்சம் விறுவிறுப்பாகப் பாடுவதை ஃபில்லர் என்கிறார்கள். ஓட்டையை அடைக்கவா ஒருவர் அந்தக் கிருதியைச் செய்து வைத்தார்? தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குப் பிறகு வருவதெல்லாம் துக்கடா, அதாவது துண்டு. அதில் பதம் இருக்கும், காவடிச்சிந்து இருக்கும், திருப்புகழ் இருக்கும். சந்த தாளத்தில் அமைந்த திருப்புகழைத் தாளம் தப்பாமல் பாடிப் பார்த்தவர்கள் அதைத் துண்டு என்று சொல்லமாட்டார்கள். கச்சேரியின் இன்றைய அமைப்பு பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் வழியில் நிலைபெற்றது. அந்த வரிசையைக் குறை சொல்லவில்லை, பெயரைத்தான் சொல்கிறேன். தமிழ்ப் பாட்டுகள் கச்சேரியின் கடைசியில் ஒதுக்கப்படுகின்றன என்ற ஆதங்கம்தான் 1940-களில் தமிழிசை இயக்கமாக எழுந்து, 1943-ல் தமிழ் இசைச் சங்கம் உருவானதில் முடிந்தது. இத்தனைக்குப் பிறகும் அந்தப் பாட்டுகளுக்குத் துக்கடா என்ற பெயர் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. பதம் என்றால் பதம், சிந்து என்றால் சிந்து என்று அதனதன் பெயரைச் சொல்ல ஒரு நொடிகூட அதிகம் ஆகாது.

மெல்லிசையில் "டிராக்" ஒன்றைச் சொன்னால் போதும். பெரிய பாடகர் வரும் முன் மாதிரிக்காகப் பாடி வைப்பது டிராக். குரல் நீக்கிய இசை மட்டும் இருப்பதும் டிராக். பதிவில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உள்ள தனித் தடமும் டிராக். "டிராக் அனுப்புங்க" என்று வந்தால் மூன்றில் எது என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

கடைசியாக, சபா மேடையில் தினமும் நடக்கும் ஒன்று. பாடகர் மைக்கில் "ஃபீட்பேக் கொஞ்சம் ஏத்துங்க" என்பார். அவர் கேட்பது முன்னால் தரையில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் தன் குரல். ஒலி அமைப்பாளர் தொழிலில் ஃபீட்பேக் என்றால், ஸ்பீக்கரில் வருவது மைக்குக்குள் திரும்பிப் போய், பெருகி, கீச்சென்றோ ஊ என்றோ கூவுவது. அவர் இரவு பகலாகத் தடுக்கப் பாடுபடுவதையே ஏற்றச் சொல்கிறார்கள். பழகியவர் புரிந்துகொள்வார். புதியவர் திகைப்பார், அல்லது எல்லாருடைய மானிட்டரையும் ஒருசேர ஏற்றுவார், உடனே நிஜமான ஃபீட்பேக் வந்துவிடும். பாட்டு, வயலின், மிருதங்கத்துக்கு இரண்டு, கடம், தம்பூரா என்று 6 மைக் திறந்திருக்கும் மேடை அது. திறந்த மைக் இரட்டித்தால் கூவாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும்.

அதனால் "மானிட்டர்" என்றே சொல்லுங்கள். யாருடைய மானிட்டர், அதில் எது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். "வயலின் மானிட்டர்ல பாட்டு ஏத்துங்க, மிருதங்கம் வேண்டாம்" என்றால் அவருக்கு எந்தக் குமிழ் என்பது உடனே தெரியும். "எக்கோ குறைங்க" என்பதற்குப் பதில் "ரிவெர்ப் குறைங்க". ரிவெர்ப் என்றால் ஒலி சட்டென்று நிற்காமல் தொடர்ந்து கரைவது; எக்கோ என்றால் ஒலி தனித்தனியாகத் திரும்பி வருவது, சபாவில் பெரும்பாலும் அது போடுவதே இல்லை. "பேஸ் ஜாஸ்தியா இருக்கு" என்று தோன்றினால் முதலில் மைக்கை வாயிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிப் பாருங்கள். இந்த வகை மைக்குகள் கிட்டத்தில் போனால் கீழ் ஒலியைத் தாமாகவே கூட்டிக் கொடுக்கும். மானிட்டர், மைக்கின் முதுகுக்கு நேர் பின்னால் இருக்கட்டும். பாடகர்களுக்கு வழக்கமாக வைக்கும், முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக்குக்குக் காது மந்தம் அங்கேதான்.